மாளிகைத் தோட்ட வாசலில் உள்ள என் தாயாரின் படம்

அனுப்புநர்:
செல்வி பிரஷாந்தினி ஆனந்தராசா,
உயர்நிலைப் பள்ளி மாணவி,
பியர்பொன்ட்ஸ், மொன்றியல்.

பெறுநர்:
திருமதி அஞ்சலீனா கிறிஸ்தோப்பர்,
பார்வையாளர் பிரிவுப் பொறுப்பாளர்,
பழைய மாளிகைத் தோட்டம், இல்-பிசார்.

விடயம்: ஞாயிறு நாய் நடைக்கு என் தாயார் வரக்கூடாது என்ற அறிவித்தலை அகற்றுதல்.

மதிப்புக்குரிய அம்மணி,

1. அறிவித்தலின் அடியில் தங்கள் பெயரைக் கண்டேன். அது தமிழர் பெயர்போல் இருந்ததால், தங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று நம்பி இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். என் பெற்றோருக்கு இது தெரியாது. அப்பா டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலையில் இருக்கிறார். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறார்.

2. பள்ளியின் சமூக சேவைக்காக, சொந்தக்காரர்கள் நாய்களைக் கூட்டிவந்து ஒன்றாக நடக்கும் தங்கள் ஞாயிறு நாய் நடையில் நாய்களுக்குத் தண்ணீர் வைத்து வருகிறேன். என்னைத் தனியே பஸ்ஸில் விட மனமில்லாமல் அம்மாவும் வருவார். மேப்பிள் மரங்களின் கீழ் நாய்கள் கூடி நின்றதை முதன்முதலில் கண்டபோது, "இவ்வளவு வைரவரும் ஒரே இடத்தில நிக்கினம், பாரன்" என்றார். நான் காதில் விழாததுபோல நின்றேன்.

3. சென்ற மாரியில் என் அண்ணனின் கார் பனியில் சறுக்கி மோதியது. அவர் பிழைத்தால் வைரவருக்கு வடைமாலை சாத்துவதாக அம்மா நேர்ந்திருந்தார். அண்ணன் பிழைத்தார்; கோயிலில் மாலையும் சாத்தியாயிற்று. நாய் வைரவரின் வாகனம் என்பதால், அவற்றுக்கும் கொடுத்தால்தான் மனம் ஆறும் என்றார். சென்ற ஞாயிறு யாரையும் கேட்காமல் ஒரு கறுப்பு நாயின் கழுத்தில் சிறிய வடைமாலையைப் போட்டுக் கும்பிட்டார். மற்ற நாய்கள் பாய்ந்து மாலையைப் பிய்த்துத் தின்றன. ஒரு சின்ன நாய் வாந்தி எடுத்தது. அதன் சொந்தக்காரரான முதியவர் பயந்து அழுதார். இது எங்கள் பிழை. மறுக்கவில்லை.

4. வடைக்குள் என்ன இருக்கிறது என்று நடையை நடத்தும் வழிகாட்டி கேட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். "உழுந்தும் மிளகும் உப்பும்தான். சாமிக்குச் சுடுற வடைக்கு வெங்காயம் போடுறேல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. நாய்களுக்கு வெங்காயம் நஞ்சு என்று பின்னர் அறிந்தேன். அம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் எல்லோருடைய பயமும் போயிருக்கும். ஆனால் என் வகுப்புத் தோழி தன் நாயுடன் அருகில் நின்றாள். சிலர் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். நாயைக் கும்பிடுகிறவரின் மகள் என்று பள்ளியில் கதைப்பார்களே என்று கூசிப்போனேன். அம்மாவுக்குத் தலை சரியில்லை, என்ன போட்டார் என்று அவருக்கே தெரியாது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். வழிகாட்டி அதன்பின் என்னிடம் மட்டுமே கதைத்தார். அவர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டார். "நல்லதாம், அடுத்த கிழமையும் வரட்டாம்" என்றேன்.

5. இப்போது வாசலில் அம்மாவின் படம் இருக்கிறது. தோழி அதைக் கைப்பேசியில் அனுப்பினாள். மனக்குழப்பமுள்ள இப்பெண் நாய் நடைக்கு வரக்கூடாது, கண்டால் பொலிசை அழைக்கவும் என்று கீழே பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறார். பிரெஞ்சு வாசிக்கத்தான் தெரியாது. படத்தில் அவர் சிரிக்கிறார். அதைக் கண்டால் சந்தோஷப்பட்டுக் கிட்டப் போய் நிற்பார். வருகிற ஞாயிறுக்காக உழுந்து வாங்கி வைத்திருக்கிறார். அவரைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

6. ஆகவே, ஞாயிறுக்கு முன் அப்படத்தை எடுத்துவிடும்படியும், நான் சொன்னது பொய் என்று வழிகாட்டிக்கும் அந்த முதியவருக்கும் அறிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். யாரையாவது வரவேண்டாம் என்று சொல்லவேண்டுமானால் என்னைச் சொல்லுங்கள்.

7. அம்மாவின் தொலைபேசி எண்ணை இந்த மின்னஞ்சலுடன் தனியே இணைத்துள்ளேன். நாய்களுக்கு உணவு கொடுக்கக்கூடாது என்பதையும், நான் செய்ததையும் தாங்களே அவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். தயவுசெய்து கடிதம் அனுப்பவேண்டாம். கடிதம் வந்தால் அதை வாசித்துச் சொல்லும்படி அம்மா என்னைத்தான் கேட்பார். அப்போதும் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் அழைப்பை எதிர்பார்த்து,
பிரஷாந்தினி ஆனந்தராசா
(புஷ்பவதியின் மகள்)

இடம்: பியர்பொன்ட்ஸ்
திகதி: 10 ஒக்ரோபர் 2024, வியாழன்