வாய்மொழி ஒப்புதல்

நவம்பர் 2, ஞாயிறு

"அம்மா, உண்மையைச் சொல்லு, நீ எதுக்கு பி.எச்டி.யை விட்ட?" பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதாவது, எல்லாருக்கும் சொல்கிற பதில் தெரியும். மாமியார் படுக்கையில் விழுந்தார், நான் ஆய்வை நிறுத்தினேன். இருபத்தொரு வருடமாக இந்த வீட்டில் புழங்கி வரும் பதில். வீட்டுக்கு யார் வந்தாலும் கணவர் ஒரு முறையாவது, "எங்கம்மாவுக்காக டாக்டர் பட்டத்தையே விட்டவ இவ" என்பார். நான் தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விடுவேன்.

மகளிடமும் அதையே சொன்னேன். "ம்" என்றாள். அந்த "ம்" நம்பிய "ம்" இல்லை.

பருவத் தேர்வு, கட்டுரை, கல்லூரித் தொண்டு வேலை என்று தலைக்கு மேல் இருக்கிறது அவளுக்கு. ஆனாலும் தினமும் மாலை சமையலறைக்கு வந்துவிடுகிறாள். பத்தொன்பது வயதில் ஒருத்தி தானாக அம்மாவைத் தேடி வருகிறாள் என்றால் — வேண்டாம். எல்லாவற்றையும் சந்தேகப்படுவது எனக்கு ஒரு வியாதி.

நவம்பர் 6, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மாமியார் விழுவதற்கு மூன்று வாரம் முன்பே என் நெறியாளர் அத்தியாயங்களைத் திருப்பித் தந்துவிட்டார். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். திட்டக்கூட இல்லை. அதன் பிறகு ஒரு வரி எழுத வரவில்லை. தினமும் நூலகத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். மாமியார் விழுந்ததாகத் தொலைபேசி வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

மகள் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா."

நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாள்.

நவம்பர் 8, சனி

இரண்டு நாளாக மகள் சமையலறைப் பக்கம் வரவில்லை. கட்டுரைக்குத் திங்கள்தான் கடைசி நாளாம்.

நவம்பர் 10, திங்கள்

இன்று வாசிப்பு அறை. வாரம் இரண்டு நாள், மூன்று வருடமாகப் போகிறேன். மகள் படிக்கும் கல்லூரியில்தான் இருக்கிறது. அங்கே கண் தெரியாத பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். மாணவர்களின் கட்டுரைகளை நாங்கள் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறோம், அவர் கேட்டு மதிப்பெண் போடுகிறார். கணினிக் குரல் அவருக்குப் பிடிக்காது. "அது என்னைத் திட்டற மாதிரியே படிக்குதும்மா" என்பார்.

எங்களுக்கு விதிகள் உண்டு. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். குரலில் எதையும் காட்டக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் தொடங்கும்போது பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். கட்டுரைகளில் பெயர் இருக்காது, பதிவு எண் மட்டும்தான். எழுதியது தெரிந்தவர் என்று பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி உறையைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

பதிவுகளைச் சீராக்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எங்கள் இருமலையும் தும்மலையும் வெட்டி எடுப்பவள். "உங்க தும்மலை மட்டும் சேர்த்து வெச்சா தனியா ஒரு பதிவு போடலாம்க்கா" என்றாள் இன்று.

வேறொரு ஆசிரியர் திடீரென்று விடுப்பில் போய்விட்டதால் அவர் வகுப்புக் கட்டுரைகளும் இங்கேயே வருகின்றன. மேசை கொள்ளாமல் உறைகள்.

நவம்பர் 13, வியாழன்

என்ன எழுதுவது?

மூன்றாவது உறை, விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பு. படிப்பைப் பாதியில் நிறுத்திய ஐந்து பெண்களைப் பற்றிய கட்டுரை. நன்றாகத்தான் எழுதியிருந்தது. மூன்றாம் பக்கத்தில், "அனைவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறப்பட்டது, பதிலளித்தவர் மூன்றிடம் மட்டும் வாய்மொழி ஒப்புதல் பெறப்பட்டது" என்று வாசித்தேன். ஒழுங்கான பிள்ளை என்று நினைத்தேன். நினைத்தேனே!

பன்னிரண்டாம் பக்கத்தில் பதிலளித்தவர் மூன்று வந்தாள். வயது 48. மாமியாரின் நோய். ஆய்வை நிறுத்தினாள். எத்தனையோ பேருக்கு இப்படி நடக்கிறது என்று வாசித்துக்கொண்டே போனேன். பதிமூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். பக்க எண்ணைச் சொல்லும் முன்பே கண் முதல் வரியில் நின்றது. மேற்கோள் குறிக்குள், "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா".

நூலகத்தில் சும்மா உட்கார்ந்தது இருந்தது. அப்பாடா இருந்தது. ஈரக் கை மட்டும்தான் இல்லை.

கீழே இன்னொரு பத்தி. "பதிலளித்தவரின் கணவரிடம் தனியே பேசியதில், அவருக்கு இது தொடக்கத்திலிருந்தே தெரியும் என்று தெரியவந்தது. நெறியாளரே அவரிடம் கூறியிருக்கிறார். கணவர் அறிந்திருப்பது பதிலளித்தவருக்குத் தெரியாது. 'அவ அப்படியே நம்பிக்கிட்டு இருக்கட்டும், பாவம்' என்றார் கணவர்."

பாவம்.

விதிப்படி உறையைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். தந்தால் அடுத்த நாற்காலியில் இருப்பவர் இதை உரக்க வாசிப்பார். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். தாளைத் திருப்பினேன். "பக்கம் பதினான்கு" என்று தொடர்ந்து வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாம் தேதி சொன்னேன். பத்தாம் தேதி கடைசி நாள். ஏழாம் தேதியிலிருந்து அவள் சமையலறைக்கு வரவில்லை. கூட்டிப் பார்க்க எனக்குத்தான் இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

"என்ன, முகமே சரியில்லையே?" — கணவர்.

"ஒண்ணுமில்ல."

இந்த மனிதர் இருபத்தொரு வருடமாக அந்த வாக்கியத்தை யாருக்காகச் சொன்னார்? விருந்தாளிகளுக்கா, எனக்கா? என்னைக் காப்பாற்றினாரா? இல்லை, மேடையேற்றி வேடிக்கை பார்த்தாரா? ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போனபோது என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நவம்பர் 17, திங்கள்

வாசிப்பு அறைக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 20, வியாழன்

மகள் பையைச் சோபாவில் வீசினாள். "பதிமூணாம் பக்கம் இல்லையாம்மா! நான் வெச்சேன், ஸ்டேப்பிள் அடிச்சுக் குடுத்தேன். பதிவுல பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலுன்னு வருதாம். என் மார்க்கை நிறுத்தி வெச்சிட்டாங்க."

பழக்கம். வாய் தானாகப் பதினான்கு என்று சொல்லியிருக்கிறது. பதிமூன்று என்று சொல்லியிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காகத் திருடத் தெரியவில்லை எனக்கு.

"வாசிச்சவங்கதான் முழுங்கியிருக்காங்க. உங்க ரூம்ல யாரோ ஒரு அரைகுறை" என்றாள்.

"அந்தப் பக்கத்துல என்னதான் இருந்துச்சு?"

என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றக் குனிந்தாள். "சும்மா... ஒரு கேஸ்."

கேஸ்!

சொல்லிவிட இதுதான் இடம் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒப்புதல் பொய் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் கட்டுரையே செல்லாது. இந்தப் பருவம் போய்விடும். அவளுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் மனசின் ஒரு மூலை சொல்கிறது. அனுபவிக்கட்டுமே. யார் மகளாக இருந்தால் என்ன?

நாளைக்குப் போகிறேன். தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன என்று சொல்வேன். அந்தப் பக்கத்தை வாசித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். வேறு ஒன்றும் பேசப்போவதில்லை.

நவம்பர் 21, வெள்ளி

நடந்தது இது.

நான் வாயைத் திறக்கும் முன்பே பேராசிரியர் பேசினார். "வாங்கம்மா. பன்னெண்டு வரைக்கும் ஒரு குரல், பதினாலுலேர்ந்து வேற குரல். நடுவுல என்ன சாப்பிட்டீங்க?"

கத்தரி சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தாள் ஒட்டிக்கொண்ட கதை எனக்கு வரவில்லை. பதிவுக் கருவியை ஓடவிடச் சொன்னேன்.

"பக்கம் பதிமூன்று" என்றேன். முழுவதும் வாசித்தேன். அப்பாடாவை வாசித்தேன். பாவத்தையும் வாசித்தேன். எழுதியிருந்தபடியே, குரலில் எதையும் காட்டாமல்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எழுதினது உங்க பொண்ணா?"

"ஆமா சார்."

"வாய்மொழி ஒப்புதல்னு மூணாம் பக்கத்துல இருக்கு. குடுத்தீங்களா?"

மூன்றாம் பக்கத்தைத் திருப்பி அந்த வரியை இன்னொரு முறை பார்த்தேன், கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப குடுக்கல சார். இப்பதான் குடுத்தேன்."

"சரி. அதையே எழுதிக் குடுங்க. இன்னைக்குத் தேதி போட்டு. உங்க பொண்ணும் கையெழுத்துப் போடணும்."

மதிப்பெண்ணில் பாதி போகும், பருவம் போகாது என்றார். விதியை மீறியதற்காக என்னை வாசிப்பவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். "உங்க தும்மல் இல்லாம எனக்கு என்னக்கா வேலை?" என்றாள் கத்தரி. வாசல் வரை கூடவே வந்தாள்.

வீட்டில் படிவத்தை மகள் முன் வைத்தேன். வாசித்தாள். தேதியைப் பார்த்தாள்.

"நீயாம்மா வாசிச்ச?"

"அந்த அரைகுறை நான்தான்."

அழுதாள். நேரமே இல்லை, மூன்று பேர் பேட்டியே கொடுக்கவில்லை, உன் கதைதான் நன்றாக வந்தது — ஏதேதோ சொன்னாள். என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையைக் கொடுக்கவில்லை. பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் கணவரோடு வேலை செய்பவர் ஒருவர் வந்தார். புதியவர். கணவர் என்னை அறிமுகப்படுத்தினார். "எங்கம்மாவுக்காக டாக்டர் பட்டத்தையே..." என்று ஆரம்பித்தார். வாசற்படியில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவர அவரே எழுந்து போனார்.