பெட்டி நிற்கிற மூலை

மச்சான்,

சிதம்பரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வந்துடுறேன். எறா தொக்கு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சு சாப்புடுங்க.

கடலூர் கடையில உங்களுக்குப் புடிச்சிப்போன அந்த ஸ்வீடன் மாடல் அலமாரி, நாலு டிராயர் இருக்கு, கைப்பிடி ஒண்ணு கூட இல்ல. எப்படித்தான் தொறக்கும்? அதே யோசனையில, நீங்க சொன்ன அளவுக்குப் பேப்பர் வெட்டித் தரையில போட்டுப் பாத்தேன். ஜன்னலோரம் கட்டில் இடிக்குது. கதவோரம் கதவு தொறக்கல. உங்க துபாய் பெட்டி நிக்கிற மூலையிலதான் கச்சிதமா உக்காருது. பேப்பர மிதிச்சிடாதீங்க.

"ரெண்டு மாச லீவுல வர்ற புருஷனுக்கு அலமாரி எதுக்கு"ன்னு நேத்து கேட்டதும் பாதி சோத்துலயே கைய கழுவிட்டு எழுந்துட்டீங்க. நான் குத்திக்காட்டல மச்சான். ஒவ்வொரு லீவுலயும் பெட்டியிலேருந்துதான சட்டை எடுத்துப் போடுறீங்க? பீரோவுல ஒரு தட்டு உங்களுக்குன்னு காலியாவே கெடக்கு.

வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு மலிகா லாத்தாகிட்ட குடுங்க.

ஷஹனாஸ்

இன்னொண்ணு: கண்ணாடி வச்ச அலமாரிதான் வேணும்னு இனிமே அடம்புடிக்க மாட்டேன். நான் வர்றதுக்குள்ள பெட்டிய காலி பண்ணிப் பரண்ல ஏத்திடுங்க. நாளைக்கே கடலூர் போலாம். மேல் டிராயர் உங்களுக்கு.