பாரத்தோடு பார்க்கணும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் முழுசாக, நலமாக இருக்கிறோம். அதை நான் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது மேலே படித்தால் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய பிக்கப் கொஞ்ச நாளாக நேராகப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் காதிலேயே போட்டுக்கொள்ளாது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் வெடுக்கென்று இழுக்கும். பின்னால் ஜன்னல் கண்ணாடிகளை நிற்க வைத்துக் கட்டிக்கொண்டு அப்படி ஓட்டிப் பார், தெரியும். அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடி ஏற்றி இறக்கியே பழகியவர் புத்தி உனக்குத் தெரியுமே, எந்த வேலை என்றாலும் முதலில் பாரத்தை இறக்கு என்பார். அத்தனையும் இறக்கி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி ஏற்றி ஓட்டினால் அதே கூத்து. கடைசியில், வண்டி நல்லாத்தான் இருக்கு, உன் கைதான் நடுங்குது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். நீயாவது என் பக்கம் பேசுவாய் என்று பார்த்தால் நீயும் அவர் கட்சி. அம்மா, உனக்கு வயசாயிடுச்சு, இனிமே ஓட்டாதே என்றாய். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி போக வேண்டியிருந்தது. எல்லாம் ஏற்றிக் கட்டிய பிறகு அப்பா, சாவியைக் குடு, நானே ஓட்டறேன் என்றார். கண் ஆபரேஷன் ஆகி இன்னும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிற மனிதர்! எனக்கு வந்ததே கோபம். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பாரத்தோட ஒரு தடவை பாருங்க, அப்பவும் என் கைதான்னா நான் ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்றேன். அவர் பழக்கத்தில் கயிற்றை அவிழ்க்கப் போனார். தொடாதீங்க என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே பயமாகிவிட்டது.

சக்கரம் நான்கும் தரையில், முன்னும் பின்னும் கல் கொடுத்தாயிற்று. அப்பா கீழே படுத்தார். கண்தான் மங்கல், கை மங்கவில்லையே, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக அசைத்தேன். ஒன்றும் அகப்படாவிட்டால் என் ஓட்டம் அன்றோடு முடிந்தது, அதுதான் மனதில் ஓடியது. திடீரென்று நிறுத்து என்றார். மறுபடி ஆட்டு என்றார். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் கிரீஸ், முகத்தில் ரத்தமே இல்லை, இப்போது அவர் கைதான் நடுங்கியது.

ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேர்கிற இடத்தில் இரும்புக் குண்டு வைத்த ஒரு மூட்டு இருக்கிறது, அதுதான் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது; கழன்றுவிட்டால் சக்கரம் ஸ்டீயரிங்குக்கு அடங்கவே அடங்காது. தூக்கி வைத்தால் சக்கரம் தடையில்லாமல் கூடவே திரும்பிவிடும், மூட்டும் சாதுவாக இருக்கும். தரையில் அழுந்தி நின்றால்தான் அது துள்ளுவது தெரியும். மெக்கானிக்கை வரவழைத்தோம், அவர் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டு, சக்கரத்தையும் நேர்பார்த்துக் கொடுத்தார். கழற்றிய பழையதை அப்பா வாங்கி லேசாக அசைத்தார், குண்டு தனியாகக் கழன்று காலடியில் விழுந்தது. அவரே குனிந்து எடுத்துத் துணியில் துடைத்தார்.

மறுநாள் மலைக்கு நான்தான் ஓட்டினேன். எப்போதும் வளைவுக்கு வளைவு பிரேக், பிரேக் என்று உயிரை எடுப்பவர் அன்று வாயைத் திறக்கவில்லை. ஒரு கண்ணாடிகூடக் கீறவில்லை.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். உன் காரையும் மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டு, தள்ளிப்போடாதே. இந்தக் கடிதத்தோடு அந்தக் குண்டையும் அப்பாவே துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இனி எனக்கு வயசாயிடுச்சு என்று சொல்லத் தோன்றினால், முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்.

சாவியோடு இருக்கும்,
உன் அம்மா