எடைமேடையில் இறக்கிவிடப்பட்டேன்

வோர்லண்ட், வயோமிங்
மே 27

அன்பு மகள் மாரெனுக்கு,

அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் நாய் பட்டன் மூவரும் இங்கே சௌக்கியம், கொஞ்சம் அதிகப்படியாகவே சௌக்கியம், அது ஏன் என்று கீழே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளை ஈவரும் வயிற்றிலிருக்கும் சின்னதும் டுலூத்தில் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறை. போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த விஷயத்தைத் தொடங்கினாலே அப்பா போனைப் பிடுங்கித் தன் கட்சியைப் பேச ஆரம்பித்துவிடுகிறார். அதனால் கடிதம். அவர் இப்போது கொட்டகையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார். வீடு அமைதி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூன் பதினாலு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அன்றைக்கு நான் அங்கே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டே அறை என்று நீ தயங்கினாய். அதற்குத்தான் இந்த டிரெய்லரை வாங்கினோம், உன் வாசலிலேயே நிறுத்திக்கொண்டு உனக்குத் தொந்தரவில்லாமல் ஒரு மாதம் இருக்கலாம் என்று. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள். அப்பாவுக்கு ஒரு கவலையும் இல்லை. அதை இழுக்கும் பிக்கப் வண்டியை விற்றவன் ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும் என்றான், டிரெய்லர் ஆறாயிரத்துச் சொச்சம். "வீட்டையே கட்டி இழுக்கலாம் கார்லா, நீ உள்ள உக்காந்து காப்பி போடு" என்றார். நான்தான் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தேன். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1290 பவுண்டுக்கு மேல் கூடாது. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் கொக்கியில் உட்கார்கிறதே, அந்தக் கனமும் சுமைதான். தோல் இருக்கையும் கூரைக் கண்ணாடியும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினோமே, அதற்கெல்லாம் தொழிற்சாலையிலேயே கழித்துவிட்டுத்தான் அந்த எண்ணை ஒட்டியிருக்கிறார்கள்.

அப்பா காகிதம் எடுத்தார். கணக்குப் போட்டார். இருநூறு பவுண்டு மிச்சம் என்று காட்டினார். எனக்கு நிம்மதி. அந்தக் காகிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன சனிக்கிழமை பூட்டிப் பார்த்தோம். பிக்கப்பின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது. முன்விளக்கு வானத்தைப் பார்த்தது. எதிர்வீட்டு லைல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "வெண்டெல், ராக்கெட் எப்பக் கிளம்புது?" என்றார். அப்பாவுக்கு ரோஷம். மூக்கில் கனம் அதிகம், அவ்வளவுதானே என்று டிரெய்லரின் முன்பக்கம் இருந்த எல்லாவற்றையும் கொண்டுபோய் பின்கோடியில் அடுக்கினார். தகர டப்பாக்கள், இரும்புச் சட்டிகள், குழந்தைக்கு நான் சேர்த்த புத்தகங்கள். பிக்கப் நிமிர்ந்தது. "பாத்தியா?" என்றார். பார்த்தேன். டென் ஸ்லீப் சாலையில் அரை மணி நேரம் போனோம். இறக்கம், பக்கக் காற்று. முதலில் ஒரு சின்ன அசைவு, தோளில் யாரோ தட்டியது போல. பிறகு டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. கண்ணாடியில் அது இடப்பக்கம் தெரிந்தது. பிறகு வலப்பக்கம். பிக்கப்பும் கூடவே ஆடியது. நான் "பிரேக், பிரேக்" என்று கத்தினேன். அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார், டிரெய்லருக்கு மட்டும் தனியாக இருக்கும் பிரேக்கைக் கையால் அழுத்தினார். அது மெல்ல நேரானது. ஓரமாக நிறுத்தினோம். நான் நினைத்தது உன்னைத்தான். அவர் "தப்பு என்னுது" என்றார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் இது மூன்றாவது தடவை. தேதி குறித்து வைத்திருக்கிறேன். மூக்கில் போதிய கனம் இல்லாவிட்டால் வால்தான் வண்டியை ஓட்டும் என்று நானும் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

மறுநாளே எடை போட்டுவிடலாம் என்றேன். எங்கே? வேறெங்கே. உன் அப்பா வேலை பார்க்கும் இடத்தில். இருபத்திரண்டு அறுவடையாக சர்க்கரை ஆலைக்கு வரும் பீட்ரூட் லாரிகளை எடைமேடையில் ஏற்றி, பாரம் கூடிய ஒவ்வொருவனையும் திட்டித் தீர்த்த மனிதர். தன் வண்டியை ஒருநாளும் அதில் ஏற்றிப் பார்த்ததில்லை. மே மாதத்தில் அந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கும். சாவி வெர்லாவிடம். உனக்கு நினைவிருக்கும், எடைச் சாவடியில் அப்பாவோடு உட்காரும் பெரிய குரல்காரி. தலைமுடியில் மாட்டிய சுருட்டிகளோடு வந்துவிட்டாள். இதைப் பார்க்கக் குளிக்காமலே வந்தேன் என்றாள். பிக்கப் மேடையில், டிரெய்லர் கொக்கியில் மாட்டியபடி, ஆனால் அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே. சாமான்களைப் பழையபடி முன்னே அடுக்கியிருந்தோம். நான், அப்பா, பட்டன் உள்ளே. ஒலிபெருக்கியில் வெர்லா. "வெண்டெல் கண்ணு, முன்னூத்திருபது பவுண்டு அதிகம். வேற எவனாவது இப்படி வந்திருந்தா நீ அவனை என்னா பேச்சு பேசியிருப்ப? சொல்லு, கேக்குறேன்."

இப்போது அந்தக் காகிதம். மூக்கின் கனத்தை விளம்பரப் புத்தகத்தில் பார்த்துப் போட்டிருக்கிறார், அது காலி டிரெய்லருக்கு. கொக்கி தொண்ணூறு பவுண்டு, அதைப் போடவே இல்லை. பட்டனுக்கு நாற்பது, அது குட்டியாக இருந்தபோது டாக்டர் எழுதிய அட்டை. பிறகு எங்கள் இருவர் எடை. லைசென்ஸ் அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார்! அவருக்கு இருநூற்றுப் பத்து. எனக்கு நூற்று நாற்பது. மாரென், இந்த மாநிலத்தில் லைசென்ஸில் உண்மை எடை எழுதியவர் ஒருவரும் இல்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கிறோம்.

பிக்கப்பின் பின்தொட்டியைக் காலி செய்தோம். ஜெனரேட்டர், கருவிப்பெட்டி, விறகு. விறகை மாநிலம் தாண்டிக் கொண்டுபோனால் பூச்சியும் கூட வரும் என்று ஏற்கனவே சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. எல்லாம் இறக்கியும் எண்பது பவுண்டு அதிகம். "நாயை இறக்கு" என்றாள் வெர்லா. பட்டன் இறங்கியது. சரியாகக் கோட்டில் நின்றது. "கோட்டுல நிக்கிறது போதாது, காத்தடிச்சா கூடிப்போயிடும். நாயை ஏத்து. கார்லா, நீ இறங்கு." இறங்கினேன். அந்த மேடை இருபது இருபது பவுண்டாகத்தான் காட்டும். ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்படி, "கார்லா, நூத்தெண்பது! கவலப்படாத, நூத்தறுபத்தஞ்சா கூட இருக்கலாம், மெஷின் மரியாதை தெரியாதது." அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிறகு அவர் இறங்கினார். இருநூற்று அறுபது. அப்போது நான் சிரித்தேன். பிரசவத்துக்குப் போகும்போது எடை கேட்டால் உண்மையைச் சொல் கண்ணே, மயக்க மருந்து அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஆக நான் இறங்கினால் நூறு பவுண்டு இடம் இருக்கிறது. பட்டன் உன் நாய், உன்னிடம் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். "நாயா, பொண்டாட்டியா, சீக்கிரம் சொல்லு, எனக்கு அடுப்புல கறி இருக்கு" என்றாள் வெர்லா. அப்பா என்னைப் பார்த்தார். "நீ வேணா பிளேன்ல போயேன்" என்றார், மெதுவாக. ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்குத் தெரியும். வழியில் மலைமேல் வரும் பௌடர் ரிவர் கணவாயை நான் ஒருநாளும் ஓட்டிக் கடந்ததில்லை. பக்கத்து இருக்கையில், கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியில் தொங்கிக்கொண்டுதான். நான் சொன்னேன், சின்னக் கார் சும்மாதானே நிற்கிறது, ஜெனரேட்டரையும் புத்தகங்களையும் அதில் போடுங்கள், நான் பின்னால் வருகிறேன். யார் பேசியது என்று எனக்கே தெரியவில்லை. வெர்லா ஒலிபெருக்கியில் கைதட்டினாள். எதிரொலித்தது.

நேற்று ஒத்திகை. அவர் முன்னால், நான் பின்னால், இருவரிடமும் வாக்கி-டாக்கி பேசுகருவி. ஏற்றம் தொடங்கியது. வளைவுகளில் பள்ளம் என் பக்கமே இருந்தது போல் இருந்தது. "கீழ பாக்காத, என் வாலைப் பாரு" என்றார் கருவியில். பார்த்தேன். அது அசையவில்லை. காற்று அடித்தது, அப்போதும் அசையவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் பிக்கப் பக்கவாட்டில் தெரிந்தது. அதில் என் பழைய இருக்கையில் பட்டன், நிமிர்ந்து, நேரே பார்த்தபடி, கண் மூடாமல். உச்சியில் இன்னும் பனி. நிற்கவில்லை. இறக்கத்தில் கீழ் கியர், பிரேக்கில் கால் வைத்தபடியே இருக்கக் கூடாது, தொட்டு விட வேண்டும். தொட்டேன், விட்டேன். எப்போது பாட ஆரம்பித்தேன் தெரியாது. கருவியின் பொத்தானை அழுத்தியபடியே பாடியிருக்கிறேன், பத்து மைல். பஃபலோ ஊரில் நிறுத்தியதும் அப்பா ஓடி வந்தார், கதவைத் திறந்தார், அழுகிறேனா என்று பார்த்தார். "என்ன ஆச்சு, முடியலையா?" என்றார். நீங்கள் கடையில் உட்கார்ந்து ஒரு துண்டு ஆப்பிள் பை சாப்பிடுங்கள் என்றேன். அவரையும் நாயையும் டிரெய்லரையும் அங்கேயே விட்டுவிட்டு, தனியாக உச்சிவரை திரும்பிப் போனேன். காரணம் ஒன்றுமில்லை. இறங்கி நின்றேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். மறுபடி ஓட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் மூன்று துண்டு சாப்பிட்டிருந்தார்.

வியாழன் காலை கிளம்புகிறோம். நாளுக்கு முந்நூறு மைலுக்கு மேல் இல்லை. ஞாயிறு சாயங்காலம் உன் வாசலில். முதலில் வருவது என் கார், அப்பாவிடம் சொல்லிவிட்டேன், வழியில் எங்கே வேண்டுமானாலும் அவர் முன்னால் போகட்டும், உன் தெருவில் நான்தான் முன்னால். சின்னதிடமும் அதுவரை பொறுத்திருக்கச் சொல். நீ சுகமாகப் பெற்றுப் பிழைத்து, உன் பிள்ளை நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் வளர வேண்டும். ஈவருக்கு என் ஆசிகள். மறக்காமல் பனிக்காலத்தில் வழி தெரிய வாசலில் நட்ட கழியைப் பிடுங்கி வைக்கச் சொல், அப்பா பின்னால் எடுக்கும்போது அதை நிச்சயம் இடிப்பார்.

நிறைய முத்தங்களுடன்,
உன் அம்மா
கார்லா