வெட்டி ஒட்டிய பாட்டு

மே 6

லேபில் மேல்வரிசைப் பொய்ப்பல் செட் ஒன்றை இன்று கையில் வைத்தே உடைத்தேன். பாலிஷ் சக்கரத்தில் அழுத்தம் கூடிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் இன்னும் ஒரு வாரத்துக்கு எதையும் மென்று தின்ன முடியாது. முதலாளி திட்டவில்லை. கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

தப்பு என்னுடையது இல்லை, வீட்டில் இருக்கிற இவருடையது. காலையில் சாப்பிட உட்கார்ந்ததும், "உங்க அக்கா நேத்து…" என்று ஆரம்பித்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அவள் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. கட்டிய மனுஷனுக்கு அது இன்னுமா மண்டையில் ஏறவில்லை?

மே 8

அவர்கள் வருகிறார்கள்!

சின்ன வயதில் நாங்கள் உருகி உருகிக் கேட்ட அதே இசைக்குழு, இசை விழாவின் கடைசி நாள் மாலை, திறந்தவெளி மைதானத்தில். லேபில் மெழுகு வேலை செய்கிற பெண்தான் போனில் காட்டினாள். "யாருக்கா இந்தத் தாத்தாங்க?" என்றாள். தாத்தாக்களாம்! அந்தப் பாடகர் ஒரு மூச்சில் பாடியதை இன்றைக்கு இருப்பவன் மூன்று மூச்சில் பாடட்டும், பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் அவர்களுடைய கேசட் ஒன்றுதான் இருந்தது. அதிலும் கடைசிப் படகைத் தவறவிட்டவனைப் பற்றிய அந்த நீளப் பாட்டில் ஒரு நாள் நாடா சிக்கிக் கசங்கிவிட்டது. அக்கா கசங்கிய துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி, செல்லோடேப் போட்டு ஒட்டினாள். அதிலிருந்து மூன்றாவது சரணத்தில், படகு போய்விட்டது என்ற வரி முடிந்ததும் வீட்டுக் கதவு திறந்திருந்தது என்ற வரி வந்துவிடும். எங்கள் கேசட்டில் அவன் ஆற்றைக் கடக்கவே இல்லை. நாங்கள் அப்படியே பாடிப் பாடி, சரியான வரிகள் தெரிந்த பிறகும் வாய் அங்கே தாவிவிடுகிறது.

யார் முதலில் அவர்களை நேரில் பார்க்கப் போனாலும் மற்றவளையும் கூட்டிப் போக வேண்டும். அப்போது சத்தியம் செய்துகொண்டோம்.

மே 9

டிக்கெட் வாங்கிவிட்டேன். ஒன்று. ஒன்றே ஒன்று.

மே 17

தூக்கம் வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலமெல்லாம் அவரைத் திருப்பிப் போட்டது யார்? துடைத்தது யார்? ஊட்டப் போனால் கரண்டியைத் தட்டிவிடுவார், அந்த அடியை வாங்கியது யார்? அவள் விமானத்தில் வந்து இறங்கினாள். எல்லாம் முடிந்த மறுநாள், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "நீ அவரைச் சரியா பாத்துக்கல" என்றாள். கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அப்புறம் என் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தாள் மகாராணி.

அன்றைக்கே அவள் எண்ணைத் தடை செய்தேன். இன்னும் ஆறவில்லை. ஏன் ஆறணும்?

ஜூன் 3

இவர் மறுபடியும், "டிக்கெட் விஷயமா உங்க அக்கா…" என்றார். கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டேன் போல. கைப்பிடி கழன்று வந்துவிட்டது.

ஜூன் 13

நாளை விழா. இவருக்கு வேலை இருக்கிறதாம். நல்லது, வந்தாலும் கொட்டாவிதான் விட்டிருப்பார். ஆனால் ஒரு யோசனை மட்டும் சொன்னார்: "மேடைக்கு இடது பக்கம், வேலியோரமா நில்லு. அங்கதான் நல்லா கேக்கும்." இசையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? குக்கர் விசில்கூட இவர் காதில் விழாது.

ஜூன் 15

தொண்டை கட்டிவிட்டது. லேபுக்கு லீவு சொன்னேன். நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

வாசலிலேயே என் குடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே போனால் அதே மாதிரி குடை விற்கிறார்கள்! பகல் கொள்ளை. மைதானம் முழுக்க முழங்கால் சேறு. கழிப்பறை வரிசையில் நின்றே ஒரு குழுவின் முழுக் கச்சேரியையும் கேட்டு முடித்தேன். என் முன்னால் நின்றவன் எங்கள் பாடகர் முகம் போட்ட புதுச் சட்டையில், விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல், அவரைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தான்.

கொஞ்சமாவது சேறு குறைவாக இருந்தது இடது பக்க வேலியோரம்தான். வேறு வழியில்லாமல் அங்கே நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் பணக்காரர்களுக்கான அடைப்பு. நாற்காலி, மேலே கூரை. எனக்கு நேர் முன்னால் ஒரு பெரிய தொப்பிக்காரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை. பைக்கு ஒரு நாற்காலி! என் பக்கத்தில் ஊன்றுகோலுடன் ஒரு பெரியவர் சேற்றில் நடுங்கிக்கொண்டு நின்றார். கொஞ்சம் உட்காரலாமா என்று காவலாளியைக் கேட்டார். கையில் பச்சைப் பட்டை கட்டினவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டான் அவன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பையை மடியில வெச்சுக்கிட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தினேன். தொப்பி அசையவில்லை. கொழுப்பு, வேறென்ன.

பிறகு அவர்கள் வந்தார்கள். பாடகருக்கு மேல்வரிசைப் பல் செட் தளர்ந்திருந்தது. இழுத்துப் பாடும்போது விசில் வந்தது. என்னிடம் விட்டால் அரை நாளில் சரிசெய்து கொடுப்பேன். ஆனால் அந்தக் குரல்! கிழிந்துபோயும் அதே குரல். முதல் பாட்டுக்கே அழுதுவிட்டேன். அழுகை வந்ததற்கும் கோபம்தான் வந்தது.

கடைசியில் அந்த நீளப் பாட்டு. மூன்றாவது சரணத்தில் அவர் எப்போதும் நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார், வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். நேற்றும் நீட்டினார். மைதானமே பாடியது. படகு போய்விட்டது என்ற வரி முடிந்தது. என் வாய் தாவியது. எல்லோரும் ஆற்றில் இருக்கும்போது நான் மட்டும் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். பக்கத்துப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் மட்டும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பிக்காரியும் தாவியிருந்தாள். அதே இடத்தில், அதே வரிக்கு.

அந்த இடத்தில் அப்படித் தாவுகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

அவள் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடி இல்லை. கண் வீங்கியிருந்தது. "நீ கத்தினப்பவே குரல் தெரிஞ்சிடுச்சு. திரும்பத்தான் பயமா இருந்துச்சு" என்றாள். பையிலிருந்து இன்னொரு பச்சைப் பட்டையை எடுத்து வேலி வழியாக நீட்டினாள். "உனக்குத்தான் வாங்கினேன்."

சத்தியத்தை அவள் காப்பாற்றியிருக்கிறாள். நான் காப்பாற்றவில்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் பார், அதுதான் தாங்க முடியவில்லை. பட்டையை வாங்கினேன். வாங்கி அந்தப் பெரியவர் கையில் கட்டி அனுப்பினேன். போய் உட்காருங்கள் என்றேன்.

அவள் எழுந்து, சுற்றிக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் வந்தாள். அந்த விலையுயர்ந்த செருப்போடு சேற்றில் என் பக்கத்தில் நின்றாள். அப்புறம் என் காதோடு சொன்னாள்: "அன்னிக்கு, நீ அப்பாவைச் சரியா பாத்துக்கலன்னு சொன்னேன்ல. நான் பாக்கவே இல்லைன்னு சொல்ல வாய் வரல. அதான் உன்மேல போட்டேன்."

மூன்று வருஷம் நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த பதில்கள் எத்தனை! அத்தனையையும் விட்டுவிட்டு, "பாட்டு போகுது. பேசாம கேளு" என்றேன்.

பேசாமல் கேட்டாள். கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் உருவிக்கொள்ளவில்லை. மன்னித்தேன் என்று அர்த்தமில்லை. சேறு வழுக்கியது.

ஜூன் 16

இவரைப் பிடித்து உலுக்கினேன். அவள் வருவது இவருக்குத் தெரியும், எங்கே உட்காருவாள் என்பதும் தெரியும். சொல்லியிருக்கலாமே? "எங்க சொல்ல விட்ட? தட்டைத் தூக்கின, கதவைச் சாத்தின" என்றார். கழன்ற கைப்பிடியை இன்னும் மாட்டவில்லை, அதையும் காட்டினார்.

பதில் சொல்லத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. பிழைத்துப் போகட்டும்.

ஜூன் 20

அவள் எண்ணுக்கு இருந்த தடையை எடுத்தேன். இவர் போனுக்கே அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் இவர் வேலை கெடுகிறது.

ஜூலை 4

அக்கா கூப்பிட்டாள். எடுத்ததுமே சண்டைதான். அப்பா கரண்டியைத் தட்டிவிட்டதில் ஆரம்பித்து, கேசட் சிக்கியது யாரால் என்பதுவரை போய்விட்டது. அவள் அழுதாள், நான் கத்தினேன். பிறகு நான் அழுதேன், அவள் கத்தினாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

போனை வைத்ததும் இவர் மெல்ல எட்டிப் பார்த்தார். மறுபடியும் பேச்சு நின்றுவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல. மிச்சத்தை ஞாயித்துக்கிழமை பேசலாம்னு வெச்சிருக்கோம்" என்றேன்.