மாமா வாங்கிய காலிக் கட்டடம்

ஜூன் 3

மழை விட்டதும் காலிக் கட்டடங்களைப் பார்க்கக் கிளம்பினேன். மாநகராட்சியின் பழைய கட்டடப் பிரிவில் எனக்கு அதுதான் வேலை. கடைசியாகக் கடைவீதி முனையிலிருக்கும் பழைய அச்சகம். அக்கா வீட்டுக்காரர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வாங்கிப் போட்டது. கூரை நடுவில் மட்டும் ஓடுகளைக் காணோம். காற்றடித்தால் ஓரத்து ஓடுதான் முதலில் பறக்கும். இது மாமா ஆள் வைத்துக் கையால் எடுத்தது. மழையில் சுவர் ஊறியதும் ‘ஆபத்தானது’ என்று நான் சான்று எழுதினால்தான் இந்த மாதிரிப் பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கிடைக்கும். எழுதுவதாக இல்லை.

ஜூன் 5

மாமா வந்தார். “சொந்த மச்சினிச்சி ஆபீஸ்ல இருக்கான்னு நம்பித்தானே வாங்கினேன்.”

“என்னைக் கேட்டா வாங்குனீங்க மாமா?”

ஜூன் 6

அக்கா போனில்: “கட்டடம் பெருசா, நான் பெருசா?” பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். என்ன சொல்லியிருப்பேன்?

ஜூலை 14

மாமாவுக்கு நோட்டீஸ் போய்விட்டது. வருஷ முடிவுக்குள் யாராவது புழங்காவிட்டால் மாநகராட்சியே கட்டடத்தை எடுத்து வாடகைக்கு விடும். கையெழுத்து என்னுடையது. அக்கா என் போனை எடுப்பதே இல்லை. நான் என்னதான் பண்ணட்டும்? வேலையை விட்டுட்டு வரவா?

ஆகஸ்ட் 20

மாமா கெட்டிக்காரர். வீட்டுக் கூடத்திலிருந்த அக்காவின் தையல் மிஷின்களை அச்சகத்து முன்னறைக்கு மாற்றிவிட்டார். “ஆள் புழங்குது, எழுதிக்கோ” என்றார். எழுதிக்கொண்டேன், நோட்டீஸ் ரத்து. எல்லாம் பேருக்குத்தான். கூரை விழும் நிலைக்கு வந்ததும் கடையை எடுத்துவிடுவார். உள்ளே இருப்பவர் புகார் கொடுத்தாலொழிய இனி ஓடு மாற்றச் சொல்ல எனக்கு வழியில்லை. நன்றாகவே ஏமாந்தேன்.

செப்டம்பர் 30

அந்தப் பக்கம் போனேன். உயரமான ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், கடை நிறைய ஆட்கள். அக்கா வேலைக்கு இன்னும் ஒரு பெண்ணை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

அக்டோபர் 12

விடாத மழை.

அக்டோபர் 13

அக்கா ஆபீசுக்கு வந்தாள். டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் என் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். தைக்க வந்த துணி. நெடுகப் பழுப்புக் கறை.

“கூரை ஒழுகுது மேடம். சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், ஓனர் ஓடு மாத்தித் தரமாட்டேங்கறார்.”

புகார்ப் படிவத்தை எடுத்தேன். “வீட்ல சண்டை வராதாக்கா?”

“வரும். சாயந்திரம் நீயும் வந்துடு. தனியா சமாளிக்க முடியாது.”

அக்டோபர் 14

நேற்று போயிருந்தேன். மாமா எங்கள் இரண்டு பேருடனும் பேசவில்லை. புகாரின்பேரில் நாளை ஓடு போட ஆள் வருகிறது.