சுவர் விழுந்த மூலை

வைகாசி 9, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ஓலை அசையவில்லை. மூன்று மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றரைக்கு வயல்வெளிப் பக்கம் கறுத்தது. பிறகு இடி, காற்று. இப்படி ஒரு காற்றை நான் கண்டதில்லை. பள்ளிக்கூடக் கூரை முழுக்க வயலுக்குள். வளைமரம் முறிந்து விழுந்து, பிள்ளைகள் இருக்கும் மரவாங்குகளில் நாலு சிதறிப்போனது, மிச்சம் மூன்று. கிணற்றடிப் பனையை இடி பிளந்துவிட்டது. மேற்கு மண்சுவர் மூலையோடு விழுந்து கிடக்கிறது.

அந்த மூலை. வள்ளியும் இன்னும் ஐந்து பேரும் நிலத்தில் இருக்கும் இடம். மரமேறுகிறவர்களின் பிள்ளைகள் வாங்கில் இருக்கக்கூடாதாம். சொன்னது ஊர், மூலையைக் காட்டினது நான். காற்று ஒரு மணி நேரம் முந்தியிருந்தால்?

10, புதன்

நல்ல வெயில். பள்ளிக்கூட மனேச்சர் குடையோடு வந்தார்.

"திங்கள் இன்ஸ்பெக்டர் வாறார். கூரை இல்லாட்டில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போடுவாங்கள். ஆளைப் பிடியும்."

ஊரில் பாதிக் கூரை போய்விட்டது. ஆளுக்கு எங்கே போவது? வள்ளியின் தகப்பன் கந்தனிடம் போனேன். தன் குடிசையை வேய்ந்துகொண்டிருந்தவன் இறங்கி வந்தான்.

"வாறம், சட்டம்பியார். ஆனால் என்ரை பெட்டை இனி நிலத்திலை இருக்கமாட்டாள்."

"ஓம்" என்றேன். சொன்ன பிறகுதான் மனேச்சரின் நினைப்பு வந்தது.

12, வெள்ளி

கந்தனும் நாலு பேரும் பள்ளிக்கூடக் கூரையில். அவர்களுடைய வீடுகள் இன்னும் வானம் பார்த்தபடி.

மத்தியானம் பாக்கியம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "மனேச்சரிட்டைச் சொல்லியாச்சோ?"

இல்லை.

"பயமோ?"

ஓம்.

"பயந்துகொண்டே போய்ச் சொல்லுங்கோ. ஒளிச்சுச் செய்யிறதுக்கு இதென்ன களவே?"

இருபது வருடக் குடித்தனத்தில் இவளை நான் வென்றதில்லை. போனேன்.

மனேச்சர்: "மூண்டு வாங்கு எங்கடை பிள்ளையளுக்கே காணாது. அவை முந்தின மாதிரி மூலையிலை இருக்கட்டும்."

"மூலை விழுந்துபோச்சு."

"மற்ற மூலை இருக்குத்தானே. வாங்கிலை ஏத்தினீரோ, உமக்கு வேலை இல்லை."

மற்ற மூலையாம்! வீடு வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

14, ஞாயிறு

கூரை முடிந்தது, விழுந்த சுவருக்கு ஓலைத் தட்டி கட்டியாயிற்று. இடி பிளந்த பனையைக் கந்தன் பலகையாக்கினான். கால் அடித்து நாலு வாங்கு. கோணல்தான். மொத்தம் ஏழு. காணாது என்று இனி ஒருவரும் சொல்ல ஏலாது. என் கை முழுக்கச் சிராய். சந்தோஷமாக இருக்கிறது.

15, திங்கள்

ஊரார் தங்கள் பிள்ளைகள் பதினொரு பேரை வீட்டிலேயே மறித்துவிட்டார்கள். மனேச்சர் வாசலில். வள்ளி நிலத்தில் இருந்த பழக்கத்தில் மற்ற மூலைக்குப் போனாள்.

"வா பிள்ளை, முன் வாங்குக்கு."

மனேச்சரைப் பார்த்தாள். "உங்கையே இரு" என்றார் அவர்.

அவளுடைய சிலேட்டை எடுத்து முன் வாங்கில் வைத்தேன். வந்தாள். ஒரு ஓரமாக, விழுந்துவிடுவாள் போல.

"நல்லா ஏறி இரு."

இருந்தாள். மற்ற ஐந்து பேரும் நான் கூப்பிட முன்னமே ஏறிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார், கூரையைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், வரவு இடாப்பில் ஒப்பம் வைத்தார். பள்ளிக்கூடம் தப்பியது.

நான் தப்பவில்லை. பின்னேரம் மனேச்சரின் கடிதம்: நாளையிலிருந்து வரவேண்டாம். பள்ளிக்கூடப் பூட்டின் திறப்பைக் கேட்டு ஆளும் வந்தது. கொடுக்கவில்லை. பாக்கியம் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள்.

நாளை எட்டரைக்கு மணி அடிப்பேன். முதலில் வள்ளியின் பெயரைக் கூப்பிடுவேன்.